மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து கணினிக்கு: மாதக் கட்டணம் இல்லாமல் டிவி

நம் ஊர் மொட்டை மாடிகளில் பாதிக்கு மேல் ஒரு பழைய டிஷ் துருப்பிடித்து நிற்கும். ரீசார்ஜ் செய்வதை நிறுத்தி வருஷக்கணக்காகியிருக்கும், கழற்ற யாருக்கும் நேரம் இருக்காது, துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையை அதில் கட்டியிருப்பார்கள். நமக்கு அந்த டிஷ் போதும். அதை 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் பக்கம் திருப்பினால் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வரும். 2004இல் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை, சந்தா கிடையாது. இதை செட்டாப் பாக்ஸ் இல்லாமல் நேராகக் கணினியில் பார்ப்பதற்கான வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் இந்தி சேனல்கள்தான் அதிகம். டிடி தமிழ் வரும் (நம் பழைய பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயரை மாற்றினார்கள்), ஆனால் மெகா சீரியலுக்காக வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். என்னை இழுத்தது பதிவு செய்யும் வசதி. 2017இல் இதே ஜிசாட்-15 வழியாகத் தொடங்கப்பட்ட ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்களில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் ஓடும். டைமர் போட்டு வைத்தால் இணைய டேட்டா ஒரு சொட்டுகூடச் செலவாகாமல் காலையில் கோப்பாக இருக்கும்.

என்ன வாங்க வேண்டும்

ஒரே ஒரு பொருள்தான் முக்கியம்: டிவிபி-எஸ்2 ட்யூனர், அதாவது டிஷ் சிக்னலைக் கணினி புரிந்துகொள்ளும்படி வாங்கித் தரும் கருவி. கடைசியில் இருக்கும் 'எஸ்' என்ற எழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள், அது சாட்டிலைட்டைக் குறிக்கிறது. நான் முதன்முதலில் 'எல்லா டிவியும் வரும் சார்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒரு யுஎஸ்பி குச்சியை வாங்கி வந்தேன், அது டிவிபி-டி. அதாவது தரைவழி ஆன்டெனாவுக்கானது. டிஷ் ஒயரை அதில் செருகிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன்.

மேசைக் கணினி என்றால் உள்ளே செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு வாங்கலாம். லேப்டாப் என்றால் டிபிஎஸ் 5927 மாதிரி வெளியே வைக்கும் யுஎஸ்பி பெட்டி. பெட்டியோடு தனி பவர் அடாப்டர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பிக்கு இதே ஒயர் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட் போகிறது, யுஎஸ்பி போர்ட்டில் கிடைப்பதோ 5 வோல்ட். கணினி எவ்வளவு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, சாதாரண எஸ்டி சேனலைக் காட்ட பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தையதே தாராளம்.

எல்என்பி மேல் 9750/10600 என்று அச்சிட்டிருந்தால் அது யுனிவர்சல் வகை, அப்படியே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள், பெரிய விலை இல்லை. இந்த எண்கள் எதற்கு என்று புரிந்துகொண்டால் பின்னால் பாதித் தலைவலி குறையும். செயற்கைக்கோள் அனுப்பும் அலைவரிசை 11090 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு உயர்ந்த அலை சாதாரண ஒயரில் இறங்கி வருவதற்குள் செத்துவிடும், அதனால் எல்என்பி அதிலிருந்து 9750ஐக் கழித்து 1340ஆகக் கீழே அனுப்புகிறது. ட்யூனருக்குக் காது கேட்பது 950 முதல் 2150 வரைதான். மென்பொருளில் தவறுதலாக 10600 மட்டும் கொடுத்தால் கணக்கு 490 என்று வரும், டிஷ் எவ்வளவு நேராக நின்றாலும் ஒன்றும் தெரியாது.

மாடி வேலை

முக்கால்வாசி வேலை மாடியில்தான். தென்கிழக்கைப் பார்க்க வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில், வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றாகச் சென்னைக்கு சுமார் 134 டிகிரி, மதுரைக்கு 122, கோவைக்கு 123. உயரக் கோணம் மூன்று ஊருக்கும் 67, 68 டிகிரிக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட உச்சிக்கு அருகே. அதனால் எதிர் வீட்டு மாடி மறைக்கும் என்ற பயம் அநேகமாக வேண்டாம், தென்னை மரம் வேண்டுமானால் தொல்லை தரும். போனில் இருக்கும் காம்பஸை இரும்புக் கம்பியிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள், ஒட்டி நின்றால் அது வேறு திசையைக் காட்டும்.

68 டிகிரி என்றதும் டிஷ்ஷை வானத்தைப் பார்த்து மல்லாத்திவிடாதீர்கள். வீட்டு டிஷ் எல்லாம் ஆஃப்செட் வகை, எல்என்பி நடுவில் இல்லாமல் கீழிருந்து வருகிறது பாருங்கள், அதனால் தட்டின் முகம் பார்ப்பதைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே இருந்துதான் சிக்னலை வாங்கும். பின்பக்கத் தாங்கியில் கோண அளவு இருந்தால் அதை நம்புங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

பலரும் விட்டுவிடுவது எல்என்பியின் சாய்வை. வட இந்தியாவில் லேசாகத் திருப்பினால் போதும், நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சென்னையிலேயே கணக்குப்படி 45 டிகிரி வரை சாய்க்க வேண்டியிருக்கும், தெற்கே போகப் போக இன்னும் அதிகம். எந்தப் பக்கம் என்று குழம்பாமல் இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், சிக்னல் ஏறும் பக்கம்தான் சரியான பக்கம்.

ஒயர் ஆர்ஜி-6. முனையில் எஃப் கனெக்டர் மாட்டும்போது மேல் வலையின் ஒரு மயிரிழைக் கம்பிகூட நடுச் செம்பைத் தொடக்கூடாது, தொட்டால் ஷார்ட். மாட்டும்போதும் கழற்றும்போதும் ட்யூனருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

கணினி வேலை

ட்யூனரோடு வரும் டிரைவரைப் போட்டுவிட்டு, விண்டோஸ் என்றால் புராக்டிவிபி, லினக்ஸ் என்றால் காஃபீன் என்ற மென்பொருளைப் போடுங்கள். (வீட்டில் எல்லாப் போனிலும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பின்னால் டிவிஹெட்எண்ட் பக்கம் போகலாம், முதல் நாளே வேண்டாம்.) அமைப்புகளுக்குள் போய் ட்யூனரைத் தேர்ந்தெடுங்கள், எல்என்பி வகை யுனிவர்சல், டைசெக் (பல எல்என்பிகளை மாற்றி மாற்றி இணைக்கும் சுவிட்ச்) இல்லை, செயற்கைக்கோள் 93.5 கிழக்கு. சோதனைக்கு ஒரு அலைவரிசை: 11090, வெர்டிகல், சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) 29500. அலைவரிசைப் பட்டியல் அவ்வப்போது மாறும், ஆகவே உங்கள் ட்யூனரில் பிளைண்ட் ஸ்கேன் (பட்டியல் இல்லாமல் தானே தேடுவது) வசதி இருந்தால் பின்னால் அதையும் ஓட விடுங்கள்.

இப்போது திரையில் இரண்டு பட்டைகள் தெரியும், ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த்தைக் கண்டுகொள்ளவே வேண்டாம். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அது ஏறி நிற்கும், டிஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும்கூட. குவாலிட்டி மட்டும்தான் உண்மை பேசும். தம்பியைக் கணினி முன் உட்கார வைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டு நான் மேலே டிஷ்ஷைத் திருப்பினேன், அவன் முக்கால் மணி நேரம் 'ஜீரோ... ஜீரோ... ஜீரோ' என்று சொல்லிவிட்டுத் திடீரென்று '42!' என்று கத்தினான். ஒரு சமயத்தில் அரை டிகிரிக்கு மேல் அசைக்காதீர்கள், அசைத்துவிட்டு மூன்று விநாடி காத்திருங்கள், கணினி பூட்டிப் பிடிக்க அந்த நேரம் தேவை. பக்கத்திலேயே 95 டிகிரியில் கட்டணச் சேனல்களைச் சுமக்கும் எஸ்இஎஸ்-8 என்ற இன்னொரு செயற்கைக்கோள் இருக்கிறது. சேனல் பெயர்கள் வந்து எல்லாவற்றிலும் பூட்டுக் குறி இருந்தால் நீங்கள் தாண்டிப்போய்விட்டீர்கள், கொஞ்சம் தெற்கே திரும்பி வாருங்கள்.

குவாலிட்டி உச்சத்தில் நிற்கும்போது போல்ட்டுகளை இறுக்குங்கள், இறுக்கும்போதே நகரும் என்பதால் இன்னொரு முறை எண்ணைக் கேளுங்கள். பிறகு சேனல் தேடலைக் கொடுத்தால் பட்டியல் நிரம்பிவிடும். அதில் சில பூட்டியும் இருக்கலாம், அவற்றை விட்டுவிடுங்கள், உடைக்கும் வழிகளைத் தேடிப் போக வேண்டாம்.

ஆள் நடக்கும்போது படத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் சிக்னலைக் குறை சொல்லாதீர்கள், ஒளிபரப்பே இன்டர்லேஸ் முறையில், அதாவது ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு தவணையில் வருகிறது. ப்ளேயரில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கினால் போய்விடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஒரு அலைவரிசையைப் பிடித்தால் அதில் இருக்கும் எல்லாச் சேனலும் ஒன்றாகவே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன என்பது. செட்டாப் பாக்ஸ் அதில் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மீதியைத் தூக்கி எறிகிறது. கணினி அப்படியில்லை, ஒரே ட்யூனரை வைத்து அதே அலைவரிசையில் இருக்கும் நாலைந்து சேனல்களைச் சேர்த்துப் பதிவு செய்யலாம். ஒரு எஸ்டி சேனலுக்கு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி இடம் ஒதுக்கி வையுங்கள்.

கனமழையில் படம் உறையும், அது இந்த அலைகளின் சுபாவம். ஐப்பசி கார்த்திகையில் இடி இடிக்க ஆரம்பித்தாலே ஒயரைக் கழற்றிப் போட்டுவிடுங்கள், மாடிக் கம்பியிலிருந்து நேராக மதர்போர்டுக்குப் பாதை போட்டு வைத்திருக்கிறோம். எனக்கு ஒரு நாள் நல்ல வெயிலில் எல்லாச் சேனலும் போய்விட்டது, டிரைவரை அழித்து மறுபடி போட்டு, ஒயரை மாற்றி, இரண்டு மணி நேரம் கழித்து மாடிக்குப் போனால் கொடியில் ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு போர்வை தொங்குகிறது, டிஷ் இரண்டு டிகிரி குனிந்து நிற்கிறது. கொடியை வேறு கம்பிக்கு மாற்றிக் கட்டிவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னேன்.