மழைக்காலத் தோட்டச் சடக்கில் மின் கிராவல் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துச் செம்மண் சடக்கு, அதாவது பாதை, புதிதில்லை. மழையிலும் சேற்றிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் நாம். மண், சரளைப் பாதைகளுக்கென்று செய்த, எடை குறைந்த மின் கிராவல் சைக்கிளை வாங்கியதும் அந்தப் பழக்கமே முதல் தவறாகிவிடுகிறது. மோட்டார்தான் இருக்கிறதே, இழுத்துவிடும் என்று நினைக்கிறோம். இழுக்காது. இந்த வகைச் சைக்கிளின் மோட்டார் உங்கள் காலுக்குத் துணை, அவ்வளவுதான். எடை குறைந்த மின் சைக்கிள்களில் வரும் டிகியூ எச்பிஆர்50 மோட்டாரின் முறுக்குவிசை (சுழற்றும் பலம்) 50 நியூட்டன் மீட்டர், பேட்டரி 360 வாட் மணி. கனமான மின் மலைச் சைக்கிள்களில் முறுக்குவிசை 85, அதற்கு மேலும் உண்டு.

ஆகவே சேற்று மேட்டில் மோட்டார் உதவியை உச்சத்தில் வைத்து எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பின் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றிக் குழி பறிக்கும், பேட்டரியும் வீணாகும். மேடு தொடங்கும் முன்பே லேசான கியருக்கு மாறி, உதவியைக் குறைத்து, சீட்டில் உட்கார்ந்தபடியே சீராக மிதியுங்கள்.

சேற்றைவிட எனக்குப் பயம் உதிரிப்பழத்தின் மேல்தான். குலை ஏற்றிப் போகும் லோரியிலிருந்து செம்பனைப் பழங்கள் சிதறி, அடுத்த லோரியின் டயரில் நசுங்கும். காய்ந்த சடக்கில் அது வெறும் ஆரஞ்சுக் கறை. மழை தூறத் தொடங்கியதும் அந்த எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து படலமாகிவிடும். போன நவம்பரில் ஒரு வளைவில் அதன்மேல் முன் பிரேக்கைத் தொட்டேன். சத்தமே இல்லாமல் முன் சக்கரம் விலகிப் போனது. முழங்கை உரிந்தது, அது ஆறிவிட்டது. பிரேக் டிஸ்க்கில் பழக்கூழ் ஒட்டியிருந்ததைப் பார்க்காமல் மறுபடி ஏறி ஓட்டினேன் பாருங்கள், அதுதான் பெரிய தவறு. அடுத்த இறக்கத்தில் பிரேக் ஊளையிட்டதே தவிர பிடிக்கவில்லை. எண்ணெய் குடித்த பிரேக் பேட்களைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. விழுந்து எழுந்தால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். பையில் சுத்தமான துணியும் டிஸ்க்கின் எண்ணெயைத் துடைக்கச் சிறு குப்பியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் இருக்கட்டும். வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கட்டைப் பாலங்களிலும் இதேதான். திரும்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்து போங்கள்.

டயரில் காற்றை இறுக்கமாக அடிப்பது இன்னொரு தவறு. 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயருக்கு, 70 கிலோ ஆள் என்றால், 30 முதல் 35 பிஎஸ்ஐ போதும். ஈரத்தில் அதையும் கொஞ்சம் குறைக்கலாம். வெட்டிய மட்டைகளை அடுக்கிவைத்த வரிசைப் பக்கம் போகவே வேண்டாம், மட்டையின் அடிப்பாகத்து முள் எந்த டயரையும் துளைக்கும். டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் நம்மூர் வெயிலில் சீக்கிரம் வற்றும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பின் சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கும் சைக்கிளானால், சக்கரத்தைக் கழற்றி மோட்டார் வயரைப் பிரித்து மாட்ட வீட்டிலேயே பழகுங்கள். கொட்டும் மழையில், செம்பனைக் காட்டுக்கு நடுவில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

அப்புறம், தண்ணீர். சைக்கிளின் நீர்த்தடுப்புத் தரம் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்றுதான் அர்த்தம். மூழ்குவது வேறு கதை. லோரி டயர் பறித்த பள்ளத்தில் நிற்கும் செந்நீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். இடி கேட்டால் உடனே திரும்பிவிடுங்கள். மறுநடவு செய்த வெட்டவெளியிலும் உயர்ந்த மரத்தடியிலும் நிற்காதீர்கள்.

வீடு திரும்பியதும் நல்ல மனதோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள் கழுவும் கடையில் கொடுத்துப் பீய்ச்சி அடித்துக் கழுவுவது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் மோட்டார் இணைப்புகளுக்குள்ளும் புகுந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். செம்மண் காயும் முன்பே கழுவுங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். அந்த எண்ணெய் டிஸ்க்கில் படக்கூடாது. ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் துளையின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு துளி நிற்பது பல தடவை கண்ணில் படும். நான் இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் பசியாறிய பிறகுதான் சார்ஜரைச் செருகுகிறேன்.