ஹாலிவுட் த்ரில்லர்களையும் டிராமாக்களையும் எடைபோடுவது எப்படி?

ஒரு ஹாலிவுட் த்ரில்லரைப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் படம் எப்படி என்று கேட்டால், “கடைசி ட்விஸ்ட்டை எதிர்பார்க்கவே இல்லை” என்பார், அல்லது “பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்” என்பார். டிராமாவாக இருந்தால் “கொஞ்சம் மெதுவாகப் போகிறது, ஆனால் நல்ல படம்” என்ற பதில் தயாராக இருக்கும். இவையெல்லாம் பார்த்தவரின் மாலைப்பொழுது எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்கின்றனவே தவிர, படத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. நிறைகுறைகளை எடைபோட விரும்புகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: முதல் அரைமணி நேரத்துக்குள் இந்தப் படம் நமக்கு என்ன வாக்குக் கொடுத்தது, அதை எங்கே காப்பாற்றியது, எங்கே கைவிட்டது? கீழே ஜூரர் நம்பர் 2, ஓப்பன்ஹைமர், தி ப்ரூட்டலிஸ்ட் ஆகிய படங்களின் முடிவுகள் பேசப்படுகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

வாக்கு என்று நான் சொல்வது டிரெய்லர் கொடுக்கும் வாக்கை அல்ல. டேரன் அரனாஃப்ஸ்கியின் மதர்! 2017இல் வெளியானபோது, திரையரங்கை விட்டு வெளியே வரும் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் தரும் சினிமாஸ்கோர், அதற்கு ஆகக் கடைசி மதிப்பெண்ணான எஃப் கொடுத்தது. பேய்ப்படம் என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்களுக்கு வேறு ஏதோ பரிமாறப்பட்டதன் கோபம் அதில் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் அது விளம்பரத்தின் மேல் விழ வேண்டிய கோபம். படம் தன் சொந்தக் காட்சிகளால் நிறுவும் விதிகளை மட்டுமே நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் தமது 94ஆவது வயதில் வெளியிட்ட ஜூரர் நம்பர் 2 (2024) படத்தை எடுத்துக்கொண்டு இதைப் பழகிப் பார்க்கலாம். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண் இறந்துகிடக்கிறாள். அவளுடைய காதலன் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நிற்கிறான். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு, கர்ப்பிணி மனைவியோடு வாழும் ஜஸ்டின் கெம்ப் (நிக்கலஸ் ஹோல்ட்) தீர்ப்புச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொதுமக்களான ஜூரிகளில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறான். சம்பவம் நடந்த இரவையும் இடத்தையும் வழக்கறிஞர்கள் விவரிக்க விவரிக்க, அதே மழை இரவில் அதே சாலையில் தன் கார் மோதியது மானின் மேல் அல்ல என்ற சந்தேகம் அவனுக்குள் வளர்கிறது. வேறு இயக்குநராக இருந்தால் இந்தச் செய்தியைக் கடைசிப் பத்து நிமிடத்துக்காகப் பொத்திப் பாதுகாத்திருப்பார். ஈஸ்ட்வுட் அதை ஆரம்பத்திலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார். அந்தக் கணத்திலிருந்து “யார் செய்தது?” என்ற கேள்வி பின்னுக்குப் போய், “உண்மை தெரிந்த ஒருவன் தன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு தூரம் போவான்?” என்பது படத்தின் கேள்வியாகிவிடுகிறது. படம் கொடுத்த வாக்கும் அதுவே.

இந்த வாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு குறைகளைத் தேடினால், எந்தக் குறை பெரியது, எது சிறியது என்பது தானாகப் பிரிந்துவிடும். ஜே.கே. சிம்மன்ஸ் நடித்த ஜூரி ஓய்வுபெற்ற துப்பறிவாளர். அப்படிப்பட்ட ஒருவரை இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஜூரித் தேர்வின்போது விட்டுவைத்தது நம்பும்படியாக இல்லை என்று பலர் எழுதினார்கள். குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அது கதையை நகர்த்துவதற்கு எழுத்தாளர் எடுத்துக்கொண்ட சலுகை. ஜஸ்டினின் நெருக்கடியை அது இறுக்குகிறதே ஒழிய தளர்த்தவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிற குறை வேறொன்று. பிளவுபட்டு நின்ற ஜூரிகள் எப்படி ஒருமனதாகக் ‘குற்றவாளி’ என்ற முடிவுக்கு வந்தார்கள் என்பதைப் படம் காட்டவே இல்லை. வாக்குவாதத்திலிருந்து நேராகத் தீர்ப்புக்குத் தாவிவிடுகிறது. ஜஸ்டின் எவ்வளவு தூரம் போவான் என்பதுதான் கேள்வியென்றால், அவன் மிகத் தூரம் போன இடம் அந்த அறை. அந்த அறையின் கதவைத்தான் படம் நம் முகத்தின் முன் சாத்துகிறது. கடைசி ஷாட்டில் அரசு வழக்கறிஞர் (டோனி கொலெட்) அவன் வீட்டு வாசலில் வந்து நிற்க, இருவரும் பேசாமல் பார்த்துக்கொள்ளும்போது படம் முடிந்துவிடுவதையும் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை நிறையென்றே வைப்பேன். அவள் என்ன செய்வாள் என்று காட்டுவதாகப் படம் ஒருபோதும் வாக்குக் கொடுக்கவில்லை. உண்மையைத் தேடி அவள் வந்துவிட்டாள் என்பதே அவளுடைய கதையின் முடிவு.

ஆக, ‘லாஜிக் ஓட்டை’ என்ற சொல்லைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கதை தொடங்குவதற்குத் தேவைப்படும் தற்செயலை நாம் பொறுத்துக்கொள்ளலாம். கதாபாத்திரம் சிக்கலிலிருந்து தப்பிப்பதற்கு உதவும் தற்செயலைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. எம். நைட் ஷியாமளனின் ட்ராப் (2024) இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. மகளோடு இசை நிகழ்ச்சிக்கு வந்திருக்கும் தந்தைதான் தொடர்கொலைகாரன், அவனைப் பிடிக்கத்தான் அந்த அரங்கமே பொறியாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது ஏறக்குறைய நம்ப முடியாத ஏற்பாடு. இருந்தும் ஜாஷ் ஹார்ட்நெட் ஒவ்வொரு வாசலாக நோட்டம் விடும் முற்பகுதியில் நாம் அதைக் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் சுவர்கள் எங்கே இருக்கின்றன என்று படம் தெளிவாகக் காட்டிவிடுகிறது. அரங்கத்தை விட்டுக் கதை வெளியேறியதும் அந்தச் சுவர்கள் கரைகின்றன. தப்பித்தல் அவனுடைய சாமர்த்தியத்தால் நடப்பது குறைந்து, எழுத்தாளரின் தயவால் நடப்பது கூடுகிறது. ஒரு த்ரில்லர் இறங்குமுகமாகும் இடத்தைத் தேடுகிறவர்கள், அது தன் எல்லைக்கோட்டை எப்போது அழித்தது என்று பார்த்தால் பெரும்பாலும் போதும்.

திருப்பங்களைப் பற்றி. எதிர்பார்த்தோமா இல்லையா என்பது ஒரு பொருட்டே அல்ல. புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடும் கர்தினால்களைப் பற்றிய, எட்வர்ட் பெர்கரின் கான்க்ளேவ் (2024) முழுவதும் கர்தினால் லாரன்ஸின் (ரேஃப் ஃபைன்ஸ்) தோளருகிலேயே நிற்கிறது. அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரிவதில்லை. அதன் கடைசி ரகசியம் என்னவென்று சொல்லாமலே அதைச் சோதிக்கலாம். ரத்து செய்யப்பட்ட ஜெனீவா மருத்துவமனைப் பயணம் ஒன்று படத்தின் நடுவே சாதாரணமாகப் பேசப்படுகிறது. அப்போது அது வேறு ஒரு சந்தேகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் நாம் கடந்துபோய்விடுகிறோம். ஐயமின்மையைவிட ஐயமே விசுவாசத்துக்கு உயிர் தருகிறது என்ற பொருளில் லாரன்ஸ் ஆரம்பத்தில் ஆற்றும் மறையுரை, அந்த ரகசியத்தின் முன் அவரை நிறுத்திச் சோதிக்கிறது. திருப்பம் முன்பே விதைக்கப்பட்டிருக்கிறதா, அது முக்கியக் கதாபாத்திரத்தை அவர் சொன்ன சொல்லோடு மோதவிடுகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் இங்கே பதில் ஆம். அதே படத்தில், பழமைவாதியான டெடெஸ்கோ வெறும் கேலிச்சித்திரமாக நின்றுவிடுவதும், ஒரே ஒரு பேச்சுக்குப் பிறகு வாக்குகள் மளமளவென்று மாறிவிடுவதும் பலவீனங்கள். நல்ல நடிகரான செர்ஜியோ காஸ்டெலிட்டோவால்கூட அந்தப் பாத்திரத்தின் மெலிவை மறைக்க முடியவில்லை.

டிராமாவுக்கு வரும்போது அளவுகோலைச் சற்று மாற்றிப் பிடிக்க வேண்டும். த்ரில்லரில் செய்தி எப்போது தரப்படுகிறது என்று பார்த்தோம். டிராமாவில் அது யாருடைய கண்வழியே தரப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அணுகுண்டு உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய இயற்பியலாளரைப் பற்றிய, கிறிஸ்டோபர் நோலனின் ஓப்பன்ஹைமர் (2023) இதைப் பார்வைக்கே தெரியும்படி செய்திருக்கிறது: ஓப்பன்ஹைமரின் பார்வை வண்ணத்தில், அவருக்கு எதிரியாகும் அதிகாரி லூயிஸ் ஸ்ட்ராஸின் (ராபர்ட் டௌனி ஜூனியர்) பார்வை கறுப்பு வெள்ளையில். பிரின்ஸ்டன் குளக்கரையில் ஓப்பன்ஹைமரும் ஐன்ஸ்டைனும் பேசிக்கொள்வதை ஸ்ட்ராஸ் தூரத்திலிருந்து பார்க்கிறார். திரும்பி வரும் ஐன்ஸ்டைன் அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து போகிறார். தன்னைப் பற்றித்தான் ஓப்பன்ஹைமர் ஏதோ சொல்லியிருக்கிறார் என்ற கசப்பு ஸ்ட்ராஸின் மனத்தில் அன்று விழுகிறது. மூன்று மணி நேரப் படத்தின் கடைசியில்தான் அந்த உரையாடல் நம் காதில் விழுகிறது; அதில் ஸ்ட்ராஸின் பெயரே இல்லை, உலகை அழிக்கக்கூடிய சங்கிலித் தொடர் ஒன்றைத் தொடங்கிவிட்டோமோ என்ற அச்சம்தான் இருக்கிறது. ஒருவனின் சின்னத்தனமும் இன்னொருவனின் பேரச்சமும் ஒரே குளக்கரையில் வைத்து அளக்கப்படுகின்றன. திரைக்கதையின் பலம் என்று எழுதும்போது இப்படி ஒரு காட்சியைத் தொட்டுக் காட்ட முடிந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

இதே படத்தின் குறைகளும் பார்வைக் கோணத்திலிருந்தே பிறக்கின்றன. மனைவி கிட்டியும் காதலி ஜீன் டாட்லாக்கும் ஓப்பன்ஹைமரின் கண்ணில் படும் நேரத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறார்கள். கிட்டியாக நடித்த எமிலி ப்ளன்ட்டுக்கு விசாரணை அறையில் கிடைக்கும் சில நிமிடங்கள், அதற்கு முன் அவருக்கு எவ்வளவு குறைவாகக் கொடுக்கப்பட்டது என்பதைத்தான் நினைவூட்டுகின்றன. உண்மை நிகழ்வுகளைத் தழுவிய படங்களில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. அணுகுண்டு வெடித்தால் வளிமண்டலமே பற்றிக்கொள்ளுமா என்ற கணக்கை ஓப்பன்ஹைமர் ஐன்ஸ்டைனிடம் கொண்டுபோவதாகப் படம் காட்டுகிறது. வரலாற்றில் அவர் தேடிப் போனது இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டனை. இந்த மாற்றத்தை நான் குறையென்று எழுத மாட்டேன், ஏனென்றால் அது யாரையும் அநியாயமாகப் பழிக்கவில்லை, கடைசிக் காட்சிக்கு வழியும் போடுகிறது. மாற்றம் ஒருவருடைய பழியை இன்னொருவர் தலையில் கட்டும்போதுதான் அது நேர்மைக் குறையாகிறது.

மார்ட்டின் ஸ்கோர்செசியின் கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன் (2023) கோணத் தேர்வின் லாபநட்டத்தை இன்னும் கூர்மையாகக் காட்டும். டேவிட் கிரானின் மூலநூல் கொலையாளி யார் என்ற புதிராக நகர்கிறது. படமோ ஓசேஜ் பழங்குடியினரைக் கொல்லும் சதியை ஆரம்பத்திலேயே திறந்து வைத்து, மனைவி மோலியை நேசித்துக்கொண்டே அவளுடைய குடும்பத்தை அழிக்கத் துணைபோகும் எர்னஸ்ட்டைப் பின்தொடர்கிறது. இதனால் குற்றத்தின் அன்றாடத்தன்மை நமக்குக் கிடைக்கிறது, மோலியின் உள்ளம் கிடைக்காமல் போகிறது. படத்தில் பணியாற்றிய ஓசேஜ் மொழி ஆலோசகர் ஒருவரே, இது மோலியின் பார்வையில் சொல்லப்பட்டிருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆயினும் மோலியாக நடித்த லில்லி கிளாட்ஸ்டன் அந்தப் பற்றாக்குறையை முகத்தாலேயே ஈடுகட்டும் ஒரு காட்சி உண்டு: புயல் எழுந்ததும் எர்னஸ்ட் பேச்சை நிறுத்தாமல் எழுந்து ஜன்னலை மூடப் பார்க்க, மோலி அவனைத் தடுத்து அமைதியாக உட்காரச் சொல்கிறாள், மழைச் சத்தத்தில் அவள் ஒன்றிப்போக, எர்னஸ்ட்டாக நடித்த லியனார்டோ டிகாப்ரியோ என்ன செய்வதென்று தெரியாமல் நெளிகிறார். நடிப்பை எடைபோட அழுகைக் காட்சிகளைவிட இப்படிப்பட்ட, வசனமில்லாத இடங்களே தகுந்தவை. எதிரில் இருப்பவர் பேசும்போது ஒரு நடிகர் உண்மையில் கேட்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

ஒலியையும் படத்தொகுப்பையும் கவனிக்க எளிய வழி, பிடித்த காட்சி ஒன்றை மீண்டும் ஓடவிட்டு ஒருமுறை ஒலியில்லாமலும் ஒருமுறை திரையைப் பார்க்காமலும் அனுபவிப்பது. ஓப்பன்ஹைமரில் வரும் முதல் அணுகுண்டுச் சோதனையான டிரினிட்டி சோதனையில் ஒளி முதலில் வருகிறது, மூச்சுச் சத்தம் மட்டும் நீள்கிறது, பிறகே வெடியோசை நம்மை அறைகிறது. இயற்பியலும் நாடகமும் ஒத்துப்போகும் அபூர்வ இடம் அது. அதே படத்தில் இசை வசனத்தை விழுங்கும் இடங்களும் இருக்கின்றன, அவற்றைக் கலைநோக்கம் என்று சொல்லித் தப்பவிடத் தேவையில்லை. நீளத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: ஸ்டீவன் சோடர்பெர்க்கின் பிளாக் பேக் (2025) சுமார் ஒன்றரை மணி நேரத்திலேயே சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறது, ப்ரேடி கார்பெட்டின் தி ப்ரூட்டலிஸ்ட் (2024) இடைவேளையோடு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, இரண்டிலும் எனக்கு நேரம் வீணானதாகத் தோன்றவில்லை.

ஆனால் ப்ரூட்டலிஸ்ட்டின் பின்னுரை வேறு விஷயம். 1980இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில், முதுமையில் பேச்சற்று அமர்ந்திருக்கும் கட்டடக்கலைஞர் லாஸ்லோ டோத்தின் முன்னால், உறவுமுறையில் அவருக்கு மருமகளான பெண் எழுந்து, அவர் வடிவமைத்த கட்டடத்தின் அறையளவுகளுக்கு வதைமுகாம் அறைகளே மூலம் என்று விளக்குகிறாள். மூன்று மணி நேரமாகக் கான்கிரீட்டிலும் மௌனத்திலும் வைக்கப்பட்டிருந்ததை ஒரு மேடைப்பேச்சு அவிழ்த்துக் கொட்டிவிடுவதாகவே எனக்குப் படுகிறது. அவளுடைய விளக்கத்தையே நாம் சந்தேகிக்க வேண்டும், கலைஞனின் வாயை அடைத்துவிட்டு மற்றவர்கள் பொருள் சொல்வதைத்தான் படம் காட்டுகிறது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசிப்புக்கும் படத்தில் ஆதாரம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் எதிர்வாசிப்பையும் எழுதிவிட்டு, நீங்கள் ஏன் அதை ஏற்கவில்லை என்பதைக் காட்சியைக் காட்டிச் சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்பதற்கும் பிழை என்பதற்கும் இடையிலான கோடு அங்கேதான் விழுகிறது.

விமர்சனங்களைத் தொகுக்கும் இணையதளமான ராட்டன் டொமேட்டோஸின் சதவீதத்தைத் தரமென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதகமாக எழுதிய விமர்சகர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது மட்டுமே அது. எல்லோரும் “பரவாயில்லை” என்று எழுதிய படமும் 100 வாங்கலாம். அதோடு, நாம் எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தியத் திரையரங்குகளில் வெளியான ஓப்பன்ஹைமரில் ஜீன் டாட்லாக்காக நடித்த ஃப்ளாரன்ஸ் பியூவின் மேல் கணினி வழியே ஒரு கறுப்பு உடை போர்த்தப்பட்டிருந்தது. படத்தில் இல்லாத இடைவேளை நம் அரங்குகளில் ஏதாவது ஒரு வசனத்துக்கு நடுவே வந்து விழுவதும் வழக்கம். இறுக்கம் தளர்ந்ததாகத் தோன்றினால், தளர்த்தியது இயக்குநரா, அரங்கமா என்று யோசித்தபின் எழுதுங்கள். தமிழ் டப்பிங்கில் பார்த்திருந்தால் குரல் நடிப்பைப் பற்றிய வரிகளை விட்டுவிடுவதே முறை.

எழுத உட்காரும்போது கதைச்சுருக்கத்தை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டு, படம் தன் வாக்கைக் காப்பாற்றிய ஒரு காட்சியையும் கைவிட்ட ஒரு காட்சியையும் தேர்ந்தெடுத்து, யார் எங்கே நிற்கிறார்கள், என்ன கேட்கிறது, எந்த இடத்தில் ஷாட் வெட்டப்படுகிறது என்பதுவரை விவரியுங்கள். நட்சத்திர மதிப்பெண் போடுவதாக இருந்தால், இவை இரண்டையும் எழுதி முடித்த பிறகு போடுங்கள்.