‘சர்ச்ச செய்து’ என்று எழுதினால் போதாது: கிராம சபையில் பேசப் போகிறவர்களுக்கு

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எனக்கு ஒரு தையல் கடை. வீட்டிலும் கடையிலும் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். எங்கள் வீதியின் கடைசி ஆறு வீடுகளுக்கு ரொம்ப நாளாகக் குடிநீர்க் குழாய் இல்லை. அதற்காக மூன்று கிராம சபைகளில் எழுந்து பேசினேன். முதல் தடவை பேசியது வீணாய்ப் போனது. ஏன் வீணானது என்று தெரிந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. “அங்க போய் நாம என்னத்தக்கா பேசறது?” என்று கடைக்கு வரும் பெண்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கூட்டம் என்று தெரிய வேண்டும். பஞ்சாயத்துக் கமிட்டியும் நகராட்சிக் கவுன்சிலும் கூடும்போது பேசுவது ஜெயித்து வந்த உறுப்பினர்கள். நமக்கென்று சட்டம் கொடுத்திருக்கும் இடம் கிராம சபை. கேரளாவில் 1994ஆம் ஆண்டு பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டுக்கும் தனிச் சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதன் உறுப்பினர்தான், யாரும் அழைத்துத்தான் போக வேண்டும் என்றில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்டியாக வேண்டும், கூட்டுவது வார்டு மெம்பரின் பொறுப்பு. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டால் குழம்புவார்கள். தமிழ்நாட்டில் பஞ்சாயத்து முழுக்க ஒரே சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதி குறித்து நடக்கும். இங்கே தேதி வார்டுக்கு வார்டு மாறும். அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் சேரும் குழுவில் சொல்வார்கள், அங்கன்வாடி சுவரில் ஒட்டுவார்கள். சித்தூர்-தத்தமங்கலம் மாதிரி சின்ன நகராட்சியில் இருப்பவர்களுக்கு இதே கூட்டம் வார்டு சபை என்ற பெயரில் நடக்கும்.

முதல் தடவை நான் போனபோது மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். தண்ணீர், தெருவிளக்கு, மழை வந்தால் சேறாகும் பாதை, எல்லாம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், மெம்பரும் பார்க்கலாம் என்றார். அடுத்த சபை வருவதற்கு முன் ஆபீசுக்குப் போய் என்ன ஆச்சு என்று கேட்டேன். மினிட்ஸ் புத்தகத்தைத் திருப்பி வாசித்துக் காட்டினார்கள். அதில் இருந்தது ஒரே வரி: “குடிவெள்ள ப்ரஷ்னம் சர்ச்ச செய்து.” நமக்குச் சர்ச்சை என்றால் சண்டை, வம்பு. மலையாளத்தில் சர்ச்ச என்றால் வெறும் பேச்சு. பேசினார்கள், அவ்வளவுதான். எந்த வீதி, எத்தனை வீடு, என்ன செய்ய வேண்டும், ஒன்றும் இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த என்ஜினியரும் மதிப்பீடு போட முடியாது. புத்தகத்தில் ஏற வேண்டிய சொல் “தீருமானிச்சு”. தீர்மானம் என்று நாம் சொல்வதுதான்.

அதனால் அடுத்த சபைக்கு ஒரே ஒரு விஷயத்தோடு போனேன். அதை அளந்து எடுத்துக்கொண்டு போனேன். என் தம்பி போர்வெல் வேலைக்குப் போகிறவன். இருக்கும் குழாய் எங்கே முடிகிறதோ அங்கிருந்து கடைசி வீட்டு வாசல் வரைக்கும் ஒரு பிவிசி குழாயைத் தரையில் வைத்து, நுனியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, தூக்கி அடுத்து வைத்து எண்ணினோம். ஒரு குழாய் இருபது அடி. பதினொரு தடவை வைத்தோம், 220 அடி. நடுவில் ஒரு கல்திட்டு, அதைச் சுற்றிப் போக வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டேன். ஆறு வீட்டிலும் ரேஷன் கார்டு எண் வாங்கினேன், கையெழுத்து வாங்கினேன். இரண்டு வயசான அம்மாக்கள் கைநாட்டு வைத்தார்கள்.

போவதற்கு முன் அது யார் வேலை என்று பஞ்சாயத்து ஓவர்சியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பஸ் போகும் பெரிய ரோடு பொதுப்பணித் துறையுடையதாக இருக்கும். தண்ணீர் சில இடத்தில் வாட்டர் அத்தாரிட்டி, சில இடத்தில் பஞ்சாயத்தின் சொந்தத் திட்டம். பஞ்சாயத்தின் வேலை இல்லையென்றால் “இன்ன துறையிடம் பஞ்சாயத்து கேட்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள்” என்று கேட்க வேண்டும். இது தெரியாமல் போனால் ‘நம்ம கையில் இல்லை’ என்ற ஒரு வார்த்தையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். தமிழிலேயே பேசுங்கள், தமிழிலேயே மனு எழுதுங்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் தமிழர்கள் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் சித்தூர் தாலுகாவில் தமிழ் இன்று நேற்று வந்ததில்லை. ஆனால் சபையில் காதில் விழும் நாலைந்து மலையாளச் சொல் தெரிந்திருக்க வேண்டும். குணபோக்தாவு என்றால் பயனாளி. பட்டிக என்றால் பட்டியல். முன்கணன என்றால் யாருக்கு முதலில் என்ற வரிசை. கைப்பற்று ரசீது என்றால் மனு வாங்கியதற்கான ரசீது. இடத்தின் பெயரை மட்டும் இரண்டு மொழியிலும் எழுதுங்கள். ‘மேட்டு வீதி’ எங்கள் வார்டிலேயே இரண்டு இருக்கிறது, அதனால் கோயிலுக்கு வடக்கே என்றும் சேர்த்தேன்.

நான் பேசியது இவ்வளவுதான்: “வணக்கம்ங்க. நான் கோயிலுக்கு வடக்கே மேட்டு வீதி. எங்க ஆறு வீட்டுக்குக் குழாய் இல்லீங்க. இருக்கிற லைன்ல இருந்து 220 அடி. ஆறு வீட்டுக் கையெழுத்தும் இதுல இருக்குதுங்க. இந்த வேலையைத் திட்டத்தில் சேர்க்கணும்னு தீர்மானம் எழுதிப் படிச்சுக் காட்டுங்க.” இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கோபம் இருந்தது, வேண்டிய அளவு இருந்தது, ஆனால் அதை அங்கே காட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பேர் எழுந்து நின்று “ஆமாங்க” என்றார்கள். அது பெரிய பலம். தனியாகப் போகாதீர்கள்.

திட்டம் போடும் சபையில் கூட்டத்தை விவசாயம், குடிநீர், வீடு என்று குழுக்களாகப் பிரித்து உட்கார வைப்பார்கள். தோழி இருக்கிறாள் என்று வேறு குழுவில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் விஷயம் எதுவோ அந்தக் குழுவில் உட்காருங்கள், அங்கேதான் பேப்பரில் ஏறும்.

அப்புறம், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவது. இதுதான் எனக்கு மனசு பொறுக்காத விஷயம். வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் இருந்தால்தான் சபை செல்லும். அந்தக் கணக்குக்காக நம் பெண்கள் வந்து, பெயர் எழுதி, சாயா குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தீர்மானம் எழுதுவது கடைசியில். அப்போது இருபது பேர் மிஞ்சினால் அந்த இருபது பேர் விருப்பம்தான் வார்டின் விருப்பம். வீட்டுக்கு, கழிப்பறைக்கு, ஆட்டுக்குட்டிக்குப் பயனாளிகளைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் அதிகாரம் சபைக்குத்தான். சபை வைத்த வரிசையைப் பஞ்சாயத்துக் கமிட்டி மாற்றக் கூடாது. உங்கள் பெயர் கீழே இருந்தால் எதற்கு எத்தனை மார்க் போட்டீர்கள் என்று அங்கேயே கேளுங்கள்.

நம் தாலுகாவிலேயே பெருமாட்டி பஞ்சாயத்து 2003இல் பிளாச்சிமடை கோக்கக்கோலா ஆலைக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. முன்னால் நின்று போராடிய மயிலம்மா ஓர் ஆதிவாசிப் பெண். பஞ்சாயத்து என்றால் சின்ன இடம் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்தான் ஞாபகம் வருவார்.

பேசி முடித்தால் வேலை பாதிதான். மனுவின் நகலை ஆபீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மினிட்ஸில் என்ன எழுதினார்கள் என்று சந்தேகம் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சபையே கூட்டாமல் இழுத்தால், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் 15 நாளில் சிறப்புச் சபை கூட்ட வேண்டும். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

மூன்றாவது சபைக்கு அந்த ரசீதோடு போனேன். தீர்மான எண்ணைச் சொல்லி, எஸ்டிமேட் போட்டாச்சா என்று மட்டும் கேட்டேன். ஓவர்சியர் டேப்போடு வந்து அளந்தபோது கல்திட்டைச் சுற்றியதில் பன்னிரண்டு அடி கூட வந்தது. குழாய் வந்து இது இரண்டாவது கோடை. ரசீது இன்னும் ரேஷன் கார்டோடு ஒரே கவரில் இருக்கிறது. அடுத்த சபைக்குத் தெருவிளக்கு. கம்பங்களை எண்ணிவிட்டேன், நான்கு.