சிறிய லேத்தில் மலிவு டிஜிட்டல் ஸ்கேல் பொருத்தும்போது

வீட்டுப் பட்டறை லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) குறுக்கு ஸ்லைடில், அதாவது வெட்டுளியை உள்ளே வெளியே நகர்த்தும் பகுதியில், மலிவான கெப்பாசிட்டிவ் (மின்தேக்குத் திறனைக் கொண்டு அளக்கும்) டிஜிட்டல் ஸ்கேலைப் பொருத்தினால், அது ஸ்லைடின் நகர்வை நேரடியாக அளப்பதால் திருகின் பேக்லாஷ் (திசை மாற்றும்போது வரும் தளர்வு) கணக்கில் சேராது. ஆனால் ஸ்கேல் ஸ்லைடின் ஓட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவுத்தலை (ஸ்கேலில் அளவைப் படிக்கும் பகுதி) இறுகும், அளவும் பிசகும். ஆகவே நகராத பகுதியில் நிறுத்திய டயல் கேஜின் (சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுகருவியின்) முனையை ஸ்கேலின் விளிம்பில் தொடவைத்து, ஸ்லைடை முழு நீளத்துக்கும் ஓட்டி, முள் ஏறக்குறைய அசையாதிருக்கும்வரை சரிசெய்த பிறகே திருகுகளை முழுமையாக இறுக்குங்கள். அளவுத்தலையைத் தாங்கும் பிராக்கெட்டை மெல்லிய தகட்டில் செய்யவே வேண்டாம். அது வளைந்தால், திரை 0.01 மி.மீ. வரை காட்டினாலும் அந்த எண்ணை நம்ப முடியாது. ஸ்லைடு 0.50 மி.மீ. உள்ளே நகர்ந்தால், கடையும் பொருளின் விட்டம் 1 மி.மீ. குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) ஈரம் பட்டால் எண்கள் துள்ளும் என்பதால், ஸ்கேலின் மேல் ஓர் அலுமினிய மூடியையும் பொருத்திவிடுங்கள்.