எம்.ஐ.எஸ்.: நம் கம்பெனிகள் செய்கிற தவறுகள்

சென்னையின் அம்பத்தூர், கிண்டி தொழில் எஸ்டேட்டுகளில் பல கம்பெனிகளில் காலை பத்து மணிக்குள் முதலாளிக்கு ஒரு எம்.ஐ.எஸ். ரிப்போர்ட், அதாவது நிர்வாக முடிவு எடுக்க உதவும் தகவல் அறிக்கை, போய்விடும். இருபது ஷீட், முப்பது ஷீட் இருக்கும். அதைத் தயாரிக்கிற பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். பல வருடம் அந்த நாற்காலியில் நானும் இருந்திருக்கிறேன். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து யார் என்ன முடிவு எடுக்கப்போகிறார் என்று கேட்காமலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறோம். எந்த மெஷினில் ரிஜெக்‌ஷன் ஏறுகிறது என்று ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு அந்த ஷிஃப்டுக்குள்ளேயே தெரிய வேண்டும். மறுநாள் தெரிந்து பயனில்லை. பர்ச்சேஸ் மேனேஜருக்கு வாரக் கணக்கு போதும். யாரிடம் எத்தனை நாள் பாக்கி நிற்கிறது, அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறதா என்பது முதலாளியின் கேள்வி. மூவருக்கும் ஒரே முப்பது ஷீட் போனால் மூவருமே திறந்து பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது மாஸ்டர், அதாவது சாஃப்ட்வேரில் இருக்கும் பொருள்கள், சப்ளையர்கள் ஆகியோரின் அடிப்படைப் பட்டியல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற தவறுகளை ஒரு மாதத்தில் திருத்திவிடலாம், இது வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரே போல்ட்டுக்கு மூன்று கோடு (அடையாளக் குறியீடு) இருந்தது: ‘எம்10 போல்ட்’, ‘போல்ட் 10 எம்எம்’, ‘ஹெக்ஸ் போல்ட் 10’. முதல் கோடில் ஸ்டாக் பூஜ்யம் என்று காட்டியது. லைன் நின்றுவிடுமே என்று பயந்து, பாரிமுனையில் கூடுதல் விலை கொடுத்து அன்றைக்கே வாங்கி வந்தோம். மறுவாரம் ரேக்கை எண்ணும்போது அதே போல்ட் மூன்றாவது கோடில் பெட்டி பெட்டியாக இருந்தது. சாஃப்ட்வேர் நல்ல சாஃப்ட்வேர்தான். ஆனால் மூன்றும் ஒன்றே என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே.

புதுக் கோடு திறக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். பெயர் எழுதும் வரிசையையும் முடிவு செய்யுங்கள்: முதலில் பொருள், பிறகு அளவு, நீளம், கிரேடு. சப்ளையர் மாஸ்டரைச் சுத்தம் செய்ய ஜி.எஸ்.டி. எண்ணே கைகொடுக்கும். அதன் 15 எழுத்துகளில் முதல் 2 மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 அந்த வியாபாரியின் பான் எண். அந்தப் பத்தை மட்டும் தனியே எடுத்து வரிசைப்படுத்துங்கள். பாரிமுனைக் கடை முகவரியில் ஒன்று, செங்குன்றம் குடோன் முகவரியில் ஒன்று என இரண்டாகப் பதிவான ஒரே வியாபாரி பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார். கொடுத்த அட்வான்ஸ் ஒரு கணக்கிலும், வந்த பில் இன்னொரு கணக்கிலும் கிடந்தது அப்போதுதான் தெரியவரும்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு பல சிறு நிறுவனங்கள் ஒழுங்காகக் கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கத் தொடங்கின. நல்ல விஷயம்தான். ஆனால் மாதா மாதம் தாக்கல் செய்பவர்கள் விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தின் கெடுவான 11-ஆம் தேதியையும், வரி கட்டும் 3பி படிவத்தின் கெடுவான 20-ஆம் தேதியையும் பார்த்தே எண்ட்ரி போடுகிறார்கள். சரக்கு 3-ஆம் தேதி இறங்கியிருக்கும், பில் 18-ஆம் தேதி ஏறும். வரிக்கு அது சரி. நடுவில் பதினைந்து நாள் ஸ்டாக் ரிப்போர்ட் பொய்யாக நிற்கிறது, அதை வைத்துத்தான் பர்ச்சேஸ் நடக்கிறது. லாரி இறங்கும் இடத்திலேயே எண்ட்ரி ஆக வேண்டும்.

அப்புறம் எக்செல். சாஃப்ட்வேரிலிருந்து எடுத்து, எக்செலில் ‘கொஞ்சம் திருத்தி’ அனுப்புகிற பழக்கம் வந்துவிட்டால், திங்கட்கிழமை மீட்டிங்கில் விற்பனைக்கு ஒரு எண், டிஸ்பாட்சுக்கு ஒரு எண், கணக்குக்கு ஒரு எண். 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. மிச்சம் சத்தமில்லாமல் விடுபட்டு, 15,841 பேரின் தொற்று சரியான நேரத்தில் கணக்கில் வரவில்லை. எக்செல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், திருத்தத்தை மூலத்தில் செய்யுங்கள்.

ஐந்து பேர் ஒரே ‘அட்மின்’ பாஸ்வேர்டில் நுழைவதையும் நிறுத்த வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும். எல்லாரும் அட்மின் என்றால் அந்தப் பதிவில் யார் செய்தது என்று எப்படித் தெரியும்? ரிப்போர்ட்டில் வரும் எண்ணை வைத்து ஆட்களைத் திட்டுவதையும் நிறுத்த வேண்டும். இரண்டு முறை திட்டு வாங்கிய சூப்பர்வைசர் மூன்றாம் முறை ரிஜெக்‌ஷனைக் குறைத்து எழுதுவார்.

பேக்கப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஈக்காட்டுத்தாங்கல், கிண்டிப் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தபோது, எங்கள் சர்வர் தரைத்தளத்தில் இருந்தது. பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே மேஜையின் கீழ் டிராயரில். இப்போது பலர் கிளவுடில் வைக்கிறார்கள், ஆனால் அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் ஒதுக்கி அந்தப் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய ஸ்டாக் அதில் அப்படியே வருகிறதா என்று பாருங்கள்.