சம்பங்கி பூக்கவில்லையா? கிழங்கைத் தோண்டிப் பாருங்கள்

தொட்டியில் இலை புல் மாதிரி மண்டியிருக்கிறது, பூத்தண்டு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் உரத்தின் குறை இல்லை. உள்ளே கிழங்குகளுக்கு இடமில்லை. சம்பங்கிக் கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அடுத்த பூ, அதைச் சுற்றி முளைக்கும் பக்கக் கிழங்குகளிலிருந்துதான். 2, 3 வருடம் கலைக்காமல் விட்டால் அவை நெருக்கியடித்துச் சிறுத்துவிடும்.

இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தோண்டி எடுங்கள். மண்ணை உதறி, நிழலில் பரப்பி, ஒரு மாதம் காயட்டும். கழுவ வேண்டாம், ஈரம் பட்டால் அழுகும். அப்புறம் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக, 2.5 செ.மீ.க்குக் குறையாத பருமனில் இருப்பதைத் தனியாக வையுங்கள். பொடிக் கிழங்கை வேறு தொட்டியில் போடுங்கள். அது வளர்ந்து பூக்க அடுத்த வருடமாகும்.

ஜூன், ஜூலையில் நடலாம். மணல் கலந்த மண், நல்ல வெயில், கிழங்குக்குக் கிழங்கு ஒரு சாண் இடைவெளி. முளை தெரியும்வரை தண்ணீர் கொஞ்சமாகப் போதும். மூன்று மாதம் போல ஆகும், பூத்தண்டு எழ.

வாசனைதான் வேண்டுமென்றால் ஓரடுக்கு சம்பங்கியையே வாங்குங்கள். சாயங்காலம் மொட்டு விரியும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், அடுக்குச் சம்பங்கியில் அந்த மணம் வராது.