குண்டு போட்ட விமானத்தை அதிர்வலை எங்கே பிடிக்கும்? கணக்குப் போடும் வழி

வெடிப்பை முந்திக்கொண்டு பறந்து தப்பிக்கும் விமானத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அதை முதலில் மறந்துவிடுங்கள். வெடிப்பிலிருந்து கிளம்பும் அழுத்த அலையான அதிர்வலை எப்போதும் ஒலியைவிடக் கொஞ்சமாவது வேகமாகத்தான் போகும். அதனால் ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் விமானத்தை, வழியிலேயே நலிந்து போகாதவரை, அது பிடித்தே தீரும். எங்கே பிடிக்கும், அதற்குள் எவ்வளவு இளைத்திருக்கும் என்பதுதான் கேள்வி. மிச்சமெல்லாம் போட்டித் தேர்வில் வரும் போலீஸ்-திருடன் கணக்கு.

1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவையே எடுத்துக்கொள்வோம். குண்டைப் போட்ட எனோலா கே விமானம் சுமார் 9.5 கி.மீ. உயரத்தில் பறந்தது, குண்டு ஏறக்குறைய 43 விநாடி விழுந்து, தரைக்கு 600 மீட்டர் மேலே வெடித்தது. இங்கே பலரும் தவறுவார்கள்: கழன்ற குண்டு செங்குத்தாக விழாது, விமானத்தின் வேகம் அதற்கும் இருப்பதால் கூடவே முன்னால் போகும். விமானம் நேரே போயிருந்தால் வெடிப்புக்கு ஏறக்குறைய நேர் மேலே நின்றிருக்கும். அதனால்தான் குண்டைப் போட்டதும் சுமார் 155 டிகிரி திரும்பி ஓடினார்கள்.

அதிர்வலை பிடித்தபோது வெடித்த இடத்திலிருந்து விமானம் இருந்த தூரம் சுமார் 18.5 கி.மீ. இனிக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மேலே குளிர் என்பதால் ஒலி மெதுவாகும், சராசரியாக விநாடிக்கு 320 மீட்டர் என்று வைத்தால் 58 விநாடி. விமானம் விநாடிக்கு 150 மீட்டர் என்றால் அதற்குள் 8.7 கி.மீ. ஓடியிருக்கும். உயரத்தையும் சேர்த்துப் பிதாகரஸ் போட்டால், வெளிச்சம் தெரிந்த கணத்தில் அது 12 கி.மீ. தள்ளி இருந்திருக்க வேண்டும். சரி, ஒரு அடியோடு முடிந்ததா? இல்லை, தரையில் பட்டுத் திரும்பிய அலை இரண்டாவதாக வந்து மோதியது.

அப்புறம் விமானத்துக்கு என்ன ஆகும்? அழுத்தத்தோடு ஒரு காற்றும் வரும். அது வாலுக்குப் பின்னாலிருந்து அடித்தால் இறக்கைக்கு எதிர்க்காற்று திடீரென்று குறையும், தூக்கிப் பிடிக்கும் விசையும் குறையும். பக்கவாட்டில் அடித்தால் வால் துடுப்பு மொத்தமாக வாங்கிக்கொள்ளும், அது இன்னும் மோசம்.

பெரிய குண்டுக்குக் கனமூலம் எடுங்கள்: அதே அளவு அடி விழும் தூரம், குண்டின் பலம் எத்தனை மடங்கோ அதன் கனமூலத்தின் அளவுக்குத்தான் கூடும். 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் யூனியன் வெடித்த ஜார் பாம்பா 50 மெகாடன், ஹிரோஷிமாவின் 15 கிலோடன்னைப் போல 3,300 மடங்குக்கு மேல். கனமூலம் ஏறக்குறைய 15. அதே அளவு லேசான அடிதான் வேண்டுமென்றால் 18.5-ஐ 15-ஆல் பெருக்குங்கள், 275 கி.மீ.க்கு மேல் போகும்! குண்டுக்குப் பாராசூட் கட்டியும் அவ்வளவு தூரம் ஓட நேரம் கிடைக்கவில்லை. அலை பிடித்ததும், குண்டைப் போட்ட டியூ-95 விமானம் சுமார் 1 கி.மீ. கீழே விழுந்து, பிறகு சமாளித்துப் பத்திரமாகத் தரையிறங்கியது.